நாற்பது பேருக்கு ஆறு கழிப்பறை

‘அடுத்த கோள்’ மாத இதழின் பழைய பிரதி எந்தக் கடையில் கிடைத்தாலும் நடுப்பக்கம் மட்டும் இருக்காது. தொடர்கதை இருக்கும். செவ்வாயில் தக்காளி காய்க்குமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் அறிவியல் கட்டுரையும் இருக்கும். நடுவில் ஒரு கிழிசல்தான். விண்கப்பலை நெடுக்காக அறுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும் படம் அங்கேதான் வரும். அதைப் பிய்த்துச் சுவரில் ஒட்டாதவரை அந்தக் காலத்தில் வாசகர் என்றே யாரும் மதித்ததில்லை.

அந்தப் படங்களை வரைந்தவர் நகராட்சிக் கழிவுநீர்ப் பிரிவின் வரைவாளர். அலுவலகத்தில் அவர் பெயர் ஸ்கேல் அக்கா. டீ குடிக்கப் போனாலும் ஸ்கேல் கக்கத்தில் இருக்கும். பதினெட்டு வருடமாக ஊரின் அடிவயிற்றை வரைந்துகொண்டிருந்தார். எவ்வளவு பெரிய மனிதர் எதிரே வந்தாலும் அவருக்குப் பயம் கிடையாது. அந்த மனிதர் வீட்டுக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

இதழுக்குள் அவர் நுழைந்ததே ஒரு வம்பால்தான். ஒரு மாதம் அட்டையில் வந்த கப்பலின் ஏணி, கதவுக்கு இரண்டு ஆள் உயரம் கீழேயே நின்றுபோயிருந்தது. அக்கா சரியாக வரைந்து, “இதில் ஏறுகிறவருக்கு மேல்பாதியில் பறக்கத் தெரிந்திருக்க வேண்டும்” என்று ஒரு வரியும் எழுதித் தபாலில் போட்டார். இதழின் ஆசிரியர் ஒரு காலத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். கோபப்படாமல் அடுத்த மாதக் கதையையே வரையச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நான்கு வருடம், ஞாயிறு தவறாமல் சாப்பாட்டு மேசையில் கப்பல் கட்டினார் அக்கா.

ஆண்டு மலருக்குப் புதுத் தொடர். நாற்பது பேர் ஒரு நட்சத்திரத்துக்குப் போகிறார்கள். பயணம் பதினோரு வருடம். கதையில் வரும் அறைகளையெல்லாம் குறித்துக்கொண்டே வந்த அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

“ஏங்க, இந்தக் கப்பல்ல ஒரு கக்கூஸ்கூட இல்ல.”

பேருந்து ஓட்டுநரான கணவர் ஆடிப்போய்விட்டார். “பதினோரு வருஷமா? நாலு மணி நேரம் ஓட்டுறதுக்கே எங்க நிறுத்தலாம்னு யோசிச்சுட்டுத்தான் நான் வண்டியவே எடுக்கறேன்!”

“பாட்டுக் கச்சேரிக்கு அரங்கம் இருக்கு.”

“அடக்கிட்டே பாடுவாங்களாக்கும்.”

அக்கா ஆறு கழிப்பறை வரைந்தார். நகரக் குழாய்களுக்குக் கொடுக்கும் அதே சரிவில் குழாய்களும் போட்டார்.

எழுத்தாளர் வங்கி குமாஸ்தா, இளைஞர், சென்ட் போட்ட கைக்குட்டைக்காரர். இதழ் அலுவலகத்தில் படத்தைப் பார்த்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

“அக்கா, இது விண்வெளிக் காவியம். இதுல போய் கக்கூஸ் கட்டியிருக்கீங்க!”

“தம்பி, உங்க கேப்டன் ரெண்டாவது அத்தியாயத்துல மூணு டம்ளர் காப்பி குடிக்கிறார். அது எங்க போச்சு?”

ஆசிரியர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். எழுத்தாளர் விடவில்லை. “சரி, குழாய ஏன் சாய்ச்சீங்க? கீழ ஓடணும்னுதானே? அங்க கீழங்கிறதே கிடையாதுக்கா. எல்லாம் மிதக்கும். உங்க சமாச்சாரமும் சேர்ந்து மிதக்கும்.”

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் போட்ட குழாயில் தண்ணீர் ஓடாது என்று பதினெட்டு வருடத்தில் ஒருவர் சொன்னதில்லை. இன்று ஒருவர் சொல்லிவிட்டார், சொன்னதும் சரி.

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்மா. கழிப்பறைய அழிச்சிட்டுக் கொடுங்க. இல்லன்னா பழைய ஓவியர்கிட்டயே கேட்டுக்கறேன்” என்றார் ஆசிரியர்.

பழைய ஓவியர் என்றால் அந்த ஏணிக்காரர்.

அக்கா வீடு திரும்பினார். குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரம் வழக்கம்போல ஆடிக்கொண்டே வாசலை நோக்கிக் கிளம்பியது. கணவர் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சுற்றி ஓய்ந்ததும் அக்கா மூடியைத் திறந்தார். காக்கிச் சட்டைகள் உருளையின் சுவரோடு அப்பிக் கிடந்தன. நடுவில் ஒன்றுமில்லை. தண்ணீர் சுவர் ஓட்டைகள் வழியாக வெளியே போயிருந்தது. அக்கா குனிந்தபடியே நின்றார்.

“என்ன, சட்டை கிழிஞ்சிருச்சா?”

“சும்மா இருங்க. கீழ எதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

மூன்று மாலை ஆயிற்று. கப்பலே உருளைபோலச் சுற்ற வேண்டும். அப்போது வெளிச்சுவர்தான் தரை. எல்லாக் குழாயும் சுவரை நோக்கிச் சரிந்து, ஒரு பெரிய வளையக் குழாயில் சேர்ந்து, சுத்தமாகி, காய்கறி அறைக்குப் போனது. எழுத்தாளர் உரமே இல்லாமல் வளர்த்த கீரைக்கு ஒருவழியாக விமோசனம்.

வியாழக்கிழமை ஆசிரியர் ஒரு பழைய உறையின் பின்புறம் கணக்குப் போட்டார். அடித்தார், மறுபடி போட்டார். பிறகு எழுத்தாளரிடம் திரும்பினார். “நிமிஷத்துக்கு ரெண்டு சுத்து. கப்பல் சுத்தித்தான் ஆகணும்ப்பா. கதைய மாத்திடு.”

“சார்! என் கதாநாயகி மிதந்து வந்துதான் காதலச் சொல்றா!”

“நடந்து வந்து சொல்லட்டுமே தம்பி” என்றார் அக்கா. “வழியில அவசரம்னா ஒதுங்க இடமும் இருக்கு.”

எழுத்தாளரின் முகம் தொங்கியதைப் பார்த்ததும் அக்காவுக்கே மனசு கேட்கவில்லை. படத்தின் மையத்தில் விரலை வைத்தார். “இங்க பாருங்க. நட்டநடுவுல சுத்தினாலும் எடை இருக்காது. ஒரு ரூம் விட்டு வச்சிருக்கேன். உங்க பொண்ணு அங்க மிதக்கட்டும்.”

எழுத்தாளர் அந்தக் குட்டி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜன்னல் உண்டாக்கா?” என்றார். உண்டு. அன்றே உட்கார்ந்து ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்தினார்.

மலர் வந்த வாரம் கழிவுநீர்ப் பிரிவே மேசையைச் சுற்றி மொய்த்தது. பொறியாளர் வந்ததும் கூட்டம் கலைந்தது. அவருக்குப் பாராட்டத் தெரியாது. எது விட்டுப்போச்சு என்று தேடத்தான் தெரியும். நடுப்பக்கத்தை விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வார்டு வரைபடம் பார்ப்பதுபோலப் பத்து நிமிடம் பார்த்தார்.

“ரெண்டு லைன் சேர்ற இந்த எடத்துல அடைச்சுக்கிச்சுன்னா எங்க திறப்பீங்க? மூடி எங்க?”

“நடுப்பக்கத்துல குத்தின பின்னுக்கு அடியில இருக்கு சார்.”

பொறியாளர் நகத்தால் பின்னை நிமிர்த்தினார். அங்கே இருந்தது, அரிசியளவு மூடி, நான்கு திருகாணியோடு.

“ம்” என்றார்.

அந்தப் பிரிவில் அவரிடம் ‘ம்’ வாங்கியவர் அதற்கு முன் யாருமில்லை.