முன்கூட்டியே எழுதிய இரண்டு பாடங்கள்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடங்கள் தெரிவு செய்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள்மேலா, அவளுடைய அப்பாமேலா, அப்படியொரு வழி இருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பள்ளிக்கூடத்தின் மேலா? எல்லார்மேலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

நாங்கள் மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த குடும்பம். வீடு செவன் ஹில்ஸில். அங்கேயே தொழிற்பேட்டையில், மருந்துகளைப் பொதி செய்து அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் எனக்குச் சனிக்கிழமையும் சேர்த்துக் காலை வேலை. என் கணவர் குளிர்களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைத் தின்று முடித்தபோது மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அதன் பிறகு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பரமட்டாவுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ். காலையில் போய்க் கதிரையில் சாய்ந்தால் மத்தியானம் தாண்டித்தான் எழும்பலாம். இவருக்கு இதயமும் பலவீனம், ஆகவே இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்த முடியாது என்று வைத்தியர் எங்கள் மூவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். சிலர் பல வருடம் இருக்கிறார்கள், சிலர் இல்லை என்றார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தபடியால் அவளுக்கு விளங்கவில்லை என்று நான் நினைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் கோயிலில் தெரிந்த ஒருவரின் மகள் பட்டம் பெற்றதற்கு விருந்து வைத்தார்கள். மண்டபச் சுவரில் அந்தப் பிள்ளை கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கும் பெரிய படம். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம், "எங்கட பிள்ளை இப்பிடி நிக்கிறதைப் பார்த்திட்டனெண்டால் எனக்குக் காணும்" என்றார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனும் சொல்லும் பேச்சுத்தான். ஆனால் தகப்பனுக்குப் பின்னால் மகள் நின்றாள். அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருடக் கடைசியில்தான் பாடத் தெரிவு வந்தது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு திருவிழா. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, பாதர் சொன்ன பிரசங்கத்தைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். எந்தப் பாடம் எடுத்தால் புள்ளி கூடும், எதை எடுத்தால் இறங்கும், இதுதான் கதை. புள்ளியை ஏற்றி இறக்கும் அந்த ஸ்கேலிங் என்ற சொல்லை ஒரு நாளும் ஆங்கிலம் பேசாத அன்ரிமார்கூடச் சரியாகச் சொல்வார்கள். ஊரில் கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு என்று இரண்டு வாசல்தான் இருந்தது. ஒன்றில் நுழைந்தால் இஞ்சினியர், மற்றதில் நுழைந்தால் டொக்டர். அதே வாசல்களைக் கப்பலிலும் பிளேனிலும் தூக்கிக்கொண்டு வந்து இங்கேயும் நட்டு வைத்திருக்கிறோம். நானும் விதிவிலக்கில்லை. மகள் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், நல்ல புளுகம்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார்கள். இவர் அன்று டயாலிசிஸ் முடித்துக் களைத்துப் படுத்திருந்ததால் நானும் மகளும் மட்டும் போனோம். ஆலோசனை சொல்லும் ஆசிரியை கணிதம், பௌதிகம் எல்லாம் சொல்லிவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு என்றார். பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுப் பாடங்களில் ஒன்றிரண்டைப் பள்ளியில் இருக்கும்போதே படித்துப் பரீட்சை எழுதலாம். தேறினால் அது கணக்கில் சேரும். பிறகு பல்கலைக்கழகம் போகும்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை. பள்ளிப் பாடங்களோடு இது பெரிய சுமை, யோசித்துச் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

மகள் யோசிக்கவேயில்லை. கணிதம் ஒன்று, கணினி நிரல் எழுதும் பாடம் ஒன்று, இரண்டையும் எடுக்கிறேன் என்றாள். அதற்கு இடம் வேண்டும் என்று நாடகப் பாடத்தை விட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் சிரித்துக்கொண்டு போன ஒரே வகுப்பு அதுதான். எனக்கு நாடகத்தில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனாலும் காரில் வரும்போது கேட்டேன்.

"ஏன் பிள்ளை இவ்வளவு அவசரம்? நாலு வருசப் படிப்பை நாலு வருசத்திலை படிச்சால் என்ன?"

"ஹாஃப் இயர் முந்தி முடிக்கலாம் அம்மா. சமர் லீவிலையும் ஒரு பாடம் செய்தால் இன்னும் கெதியா."

"கெதியா முடிச்சு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "யூ நோ வை" என்றாள்.

எனக்குத் தெரியும். காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவளைப் பேசினேன். விசர்க் கதை கதைக்காதே, அப்பா உன் கலியாணமும் பார்ப்பார், உன் பிள்ளைகளையும் தூக்குவார் என்று சத்தம் போட்டேன். பயத்தில் போட்ட சத்தம் அது. பதினாறு வயதுப் பிள்ளை தன் படிப்புக்குக் கணக்குப் போடவில்லை, தகப்பனுடைய ஆயுளுக்குக் கணக்குப் போடுகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அவளுடைய கணக்கில் பிழை என்று சொல்லவும் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் எழும்பி வந்து குசினியில் சாப்பாட்டு மேசையடியில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "கம்பஸ் பாடத்தை இப்பவே எழுதப் போறியோ?" என்று கண்ணை விரித்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு மண்டபம் முழுக்க இதே கதைதான். மகள் ஏன் எடுத்தாள் என்று இவருக்குத் தெரியாது என்று நான் நம்பினேன். நானும் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகக் கதைத்த ஞாபகம் இல்லை. மகள் அறைக்குள் இருப்பாள். பள்ளிப் பாடம் முடிந்தால் பல்கலைக்கழகப் பாடம், அது முடிந்தால் மறுபடியும் பள்ளிப் பாடம். நன்றாக மெலிந்து போனாள். இவர் அறை வாசலில் நின்று, "சாப்பிட்டிட்டுப் படி பிள்ளை" என்பார். அவள் "ஓம் அப்பா, வாறன்" என்பாள், வரமாட்டாள். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர் முகத்தை அவள் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே போனது. யாருக்காக ஓடுகிறாளோ அவரைத் தாண்டித்தான் ஓடுகிறாள் என்று எனக்குப் பட்டது. சொன்னால் சண்டை வரும், ஆகவே சோற்றைக் கொண்டுபோய் அவளுடைய படிக்கும் மேசையில் வைத்துவிட்டு வருவேன்.

இரண்டு பாடத்திலும் நல்ல புள்ளியோடு தேறினாள். பள்ளிக் கடைசிப் பரீட்சையான எச்.எஸ்.சி.யிலும் புள்ளி வந்து, கேட்ட பொறியியல் துறை கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் பாடங்களைப் பதியும் நாளில் கூட வரச் சொன்னாள். அங்கே ஆலோசனை சொல்ல இருந்தவர் ஓர் இளைஞர், நல்ல பொறுமைசாலி. அவள் எழுதிய பரீட்சைகளைப் பார்த்துப் பாராட்டினார். இரண்டு பாடமும் கழிந்துவிட்டன, முதல் வருடத்தில் உனக்கு நிறைய ஓய்வு இருக்கும் என்றார். படிப்பு எப்போது முடியும் என்று அவள் கேட்டாள். நான்கு வருடத்தில் என்றார். இல்லை, இரண்டு பாடம் கழிந்தபடியால் எப்போது முடியும் என்று திரும்பக் கேட்டாள். அவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பொறியியலில் ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பாடம் வரும். இரண்டாம் வருடப் பாடங்கள் அந்தந்தப் பருவத்தில் மட்டும்தான் நடக்கும். கடைசி வருடத்துச் செயற்றிட்டம் முழு வருடமும் ஓடும். எதை முன்னுக்குத் தள்ளினாலும் முடிவு முன்னுக்கு வராது. மற்றப் பிள்ளைகள் முடிக்கும் அன்றுதான் இவளும் முடிப்பாள். கோடையில் படித்தாலுமா என்று கேட்டாள். கோடையில் படித்தாலும்தான் என்றார்.

அவர் மேல் பிழை இல்லை. பள்ளிக்கூடமும் பொய் சொல்லவில்லை. திரும்பப் படிக்கத் தேவையில்லை என்றுதான் சொன்னார்கள், சீக்கிரம் முடியும் என்று சொல்லவில்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். ரயிலில் அவள் என் பக்கத்தில் இருந்து சத்தமில்லாமல் அழுதாள். பரமட்டாவில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக நான் விரும்பாத அந்தப் பரீட்சைகள் பலிக்காமல் போனதற்கு நானும் அழுதேன்.

இவரிடம் அவளே சொன்னாள். சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. நீ என்னத்துக்கு ஓடினனி எண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனி? இனி ஓடாதை. நட."

எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக ஒரே விஷயத்தை அவரிடம் நாங்களும் எங்களிடம் அவரும் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

கழிந்த பாடங்களின் இடத்தில் வேறு எதையாவது எடுத்துப் போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மகள் ஒன்றும் போடவில்லை. மற்ற வகுப்புகளையெல்லாம் திங்கள், புதன், வெள்ளிக்குத் தள்ளிவைத்துவிட்டுச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தகப்பனோடு டயாலிசிஸுக்குப் போனாள். நான் அந்த நேரத்தில் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பேன். அதுவரை இவரை ஏற்றி இறக்கியது ஆஸ்பத்திரி வண்டி. இப்போது மகள் காரில் கூட்டிக்கொண்டு போவாள். தாதிமாரிடம் இவர், "கம்பஸ் பாடத்தை முதலே எழுதிப் பாஸ் பண்ணிட்டாள், அதுதான் இஞ்சை நிக்கிறாள்" என்று தன் ஆங்கிலத்தில் விளக்குவாராம். அந்த வருடம் முழுக்க அப்படி நடந்தது. மத்தியானம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, நான் வைத்துவிட்டுப் போன சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுவார்கள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "சும்மா" என்பார் இவர். "நத்திங் மச்" என்பாள் மகள்.

இரண்டாம் வருடம் தொடங்கிக் கொஞ்ச நாளில் இவருடைய இதயம் நின்றுவிட்டது. ஒரு திங்கட்கிழமை, வீட்டில், குளித்துவிட்டு வந்து கட்டிலில் இருந்தபடியே.

அடக்கப் பூசையைப் பற்றிக் கேட்கப் பாதர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு விருப்பமான பாட்டு ஏதும் உண்டோ, பெட்டியைத் தூக்கும்போது பாடலாம் என்றார். இருபத்து மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. மகள் சொன்னாள், "பாட்டு வேண்டாம் ஃபாதர். தூக்கேக்கை ஒரு சத்தமும் இல்லாமல் தூக்கச் சொன்னவர் அப்பா."

பாதர் போன பிறகு குசினியில் நின்று அவளைக் கேட்டேன், எப்போது சொன்னவர் என்று. ஒரு வியாழக்கிழமை என்றாள்.

"வேறை என்ன சொன்னவர்?"

"அப்பாவுக்குச் சரியான பயம் அம்மா" என்றாள். "ஊசி போடேக்கை ஒவ்வொரு முறையும் என்ர கையைப் பிடிப்பார். சாகப் பயமா இருக்கெண்டு சொல்லுவார். சில நாள் அழுதவர்."

என் முன்னால் அந்த மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. டயாலிசிஸ் எப்படி என்று கேட்டால் நித்திரை கொண்டேன் என்பார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர். அம்மா விடிய வேலைக்குப் போகோணும், இதைச் சுமந்துகொண்டு போக ஏலாது எண்டவர்."

மகள் எல்லாப் பிள்ளைகளும் முடித்த அதே நாளில் முடித்தாள். கறுப்பு அங்கியோடு அவள் மேடையில் ஏறியபோது நான் தனியாகக் கை தட்டினேன். கோயில் மண்டபத்தில் இப்போதும் தாய்மார் என்னைப் பிடித்து, அந்தப் பாடங்களை முதலே எடுத்தால் படிப்பு கெதியாய் முடியுமோ என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்வேன். அப்போ என்ன பிரயோசனம் என்பார்கள். பிள்ளைக்கு நேரம் மிஞ்சும் என்று மட்டும் சொல்வேன். அவளைப் பெற்றதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன், அதே வாயால் அவள்மேல் பொறாமையும் படுகிறேன். அவர் பயந்து அழுத காலைகளில் பிடிப்பதற்கு அவள் கை அங்கே இருந்தது. என் கை செவன் ஹில்ஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதித் தேறிவிட்டு அவர் பக்கத்தில் போய் இருக்க, எனக்கு யாரும் ஒரு பரீட்சை வைக்கவில்லை.