வயலுக்குக் கீழே ஒரு கோடு

திருவாரூர்ப் பக்கம் காத்தாயியை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கூலி நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து, அடியைத் தட்டிப் பார்த்த பிறகே முந்தானையை விரிப்பாள். பண்ணையின் உபரி நிலத்துக்காகக் கொடி பிடித்து, பதினெட்டு நாள் சிறையில் இருந்தவள். பிறகு சர்க்கார் கொடுத்த ஒரு ஏக்கருக்கு அவள் பேரில்தான் பட்டா.

அந்த நிலத்தில் பத்தாவது சம்பா அறுப்பு முடிந்த சமயம், சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த புருஷன் மருதையன் மூன்று வருஷம் கழித்து வந்தான். வந்தவன் சும்மா இருக்க வேண்டாமா? களத்துப் புழுதியில் குச்சியால் சீன எழுத்து எழுதிக் காட்டினான். கூட வேலை பார்த்த சீன மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததாம். ஒரு சதுரம்; அதற்குள் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. நாலு வயல், நடுவே வரப்பு. வயலுக்கு எழுத்தே அதுதான். காத்தாயிக்கு அது பிடித்துத்தான் போனது. அவள் நிலமும் நாலு துண்டாகத்தான் கிடந்தது.

அதோடு விட்டானா? சதுரத்துக்குக் கீழே வளைவாக இன்னும் கொஞ்சம் இழுத்தான். ஆதியில் அது ஏராம், பிறகு வலு என்று அர்த்தமாம். வயலும் வலுவும் சேர்ந்தால் ஆம்பளை என்றான்.

பொம்பளைக்கு என்ன எழுத்து என்று கேட்டாள். பக்கத்தில் எழுதினான். கைகட்டி மண்டி போட்டு உட்கார்ந்திருக்கும் உருவமாம். அதில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. அப்படியானால் அந்த ஊரில் நாற்று தானே நடந்துபோய் நட்டுக்கொள்ளுமா? களை? அறுப்பு? இவன் ஏன் இதை இப்போது சொல்கிறான்? இரண்டு நாளாக அவன் பண்ணையின் காரியக்காரர் நாகநாதனோடு டீக்கடை வாசலில் குசுகுசுத்ததை அவள் பார்த்திருந்தாள். பத்து வருஷமாக அந்த மனுஷன் கண் இந்த ஏக்கர் மேல்தான்.

அவள் பயந்தபடியே அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதம் வந்தது, கூடவே மைப்பெட்டியும். பட்டா இனிமேல் குடும்பத் தலைவன் பேரில்தான் இருக்க வேண்டுமாம். ஒரு கைநாட்டு போதுமாம்.

“இத எழுதிக் குடுத்தது யாருங்க?”

மருதையன் வைக்கோல் போரைப் பார்த்தான். சிறையில்கூட அழாதவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விழுங்கிக்கொண்டாள். குதிகாலால் ஆம்பளை எழுத்தின் கீழ்ப்பாதியைத் தேய்த்தாள். ஏரும் வலுவும் புழுதியோடு போயின. சதுரம் மட்டும் நின்றது.

“வயலு இருக்கட்டும்,” என்றாள். “கீழ யாரு நிக்கணுங்கிறத நான் பாத்துக்கிறேன். மைப்பெட்டியக் கொண்டுபோயி அந்தக் காரியக்காரருகிட்டயே குடுத்துட்டு வாங்க.”