சைவ மாப்பிள்ளைக்குப் பஞ்சுக்குச்சி

வாய்க்குள் பல்முரசில் ஒரு பஞ்சுக்குச்சியை மேலே ஒருதரம், கீழே ஒருதரம் இழுத்து, சின்னக் குழாய் மருந்தில் நிறுத்தி, எச்.ஐ.வி.க்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் பொருள் ஏதும் உண்டாக்கியிருக்கிறதா என்று இருபது நிமிடம் காத்திருப்பதுதான் எங்கள் தொழில். ஊசியில்லை, இரத்தமில்லை. ஆனாலும் எங்கள் சோதனை வாகனம் உடுப்பிட்டிச் சந்தியில் நின்றால் சனம் அடுத்த ஒழுங்கையால் போகும். தாதிக்கு உதவியாக நான் இந்த வாகனத்தில் ஏறிய நாளிலிருந்து, என் மகளுக்கு வந்த சம்பந்தமெல்லாம் அதே ஒழுங்கையால்தான் போனது. பெண்பிள்ளை பெற்று வேலைக்கும் போகிற தாய்மாரே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வெற்றிலை ஐயா

சோதனைக்கு முன் அரை மணித்தியாலம் வாயில் ஒன்றும் போடக்கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அதன் கீழேயே இருந்து ஒரு ஐயா ஆறுதலாக வெற்றிலை மென்றார். கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"அரை மணித்தியாலம் சும்மா கிடந்தால் வாய்க்கு வருத்தம் வராமல் என்ன செய்யும், பிள்ளை?"

ஓட்டோத் தம்பி

இவர் குச்சியைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எச்சிலால் இது தொற்றாது, பயப்படவேண்டாம் என்றேன். கிட்டடியில் தொற்றியிருந்தால் இதில் காட்டாமலும் விடலாம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரவேணும் என்றும் சொன்னேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"அது கிடக்கட்டும் மிசி, ராத்திரி அடிச்ச சாராயம் உதிலை காட்டுமோ? மனிசி வெளியிலை நிக்கிறா."

தரகரின் புத்தி

கலியாணத் தரகருக்கு என் வேலையால் தன் பிழைப்புக் கெடுகிறதே என்ற துக்கம். சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் நான், பொய் சொல்ல ஏலாது என்றேன். என் பக்தியை மெச்சிக்கொண்டே வழி சொன்னார்.

"பல்லுக் கிளினிக் எண்டு சொல்லுங்கோ அக்கா. வாய்க்குள்ளைதானே கையை வைக்கிறியள்!"

முட்டையும் தொடாதவர்

கடைசியில் தொண்டைமானாற்றிலிருந்து, லீவில் ஊருக்கு வந்து நிற்கிற ஒரு கனடா மாப்பிள்ளையின் தாய் வந்தா. சாதகம் பொருந்தியது. என் வேலையைச் சொன்னேன். அதோடு அவ தேத்தண்ணீரைத் தொடவில்லை.

என் மகள் மெதுவாகக் கேட்டாள்: "மாமி, நான் சோதிச்சிட்டன். அவரும் ஒருக்காச் சோதிச்சால் நல்லதெல்லோ?"

செவ்வாய் எங்கே நிற்கிறது என்று இரண்டு மணித்தியாலம் ஆராய்ந்த அவவுக்கு இந்தக் கேள்வி மட்டும் அவமானமாகப் போய்விட்டது.

"என்ரை பிள்ளை சுத்த சைவம்! முட்டையும் தொடமாட்டான்!"

இருபது நிமிடம்

இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்று இரவெல்லாம் தேவாரம் சொன்னேன். அடுத்த நாள் காலை மாப்பிள்ளை தானாகவே வாகனத்தில் ஏறினார். சொந்தக்காரராகப் போகிறவர் என்பதால், தாதியிடம் விட்டுவிட்டு நான் இறங்கி நின்றேன். பக்கத்தில் அவருடைய தாய். இரண்டு பேரும் ஒரே முருகனைத்தான் கூப்பிட்டோம்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தார். "ஒண்டும் காட்டேல்லை மாமி. உங்கடை மகள் கேட்டது நியாயம்தானே. கலியாண நாளை வையுங்கோ."

என் கண் நிறைந்துவிட்டது. சம்பந்தியம்மா என்னை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், காருக்குள் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த தன் கணவரைக் கண்ணால் காட்டினா.

"இவரும் கனகாலம் கப்பலிலை ஊரூராய்த் திரிஞ்சவர். இன்னொரு குச்சி இருக்கோ, மச்சாள்?"

மகளின் கலியாணத்தைக் குழப்பிய வேலை இப்போது சம்பந்தி வீட்டில் எனக்கு முன்வரிசைக் கதிரை வாங்கித் தந்திருக்கிறது. அதில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்பது சம்பந்தியார் வாயைக் காட்டிய பிறகுதான் தெரியும்.