பூட்டிப்போன குரல்

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓங்கி உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிப்பைச் சேர்க்க வேண்டும். எனக்கு எதிரே நிற்பவள் பல வருஷமாக மகாராணிதான். அது அவள் பெயர் இல்லை. அவள் புருஷன் அவளை அப்படிக் கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அவள் மகாராணியாகிவிட்டாள்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரேடியோ. லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாது. எங்கள் ஓட்டலில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேசும். "பயப்படாதீங்கம்மா. அது கெட்டுப்போகலை, கோவிச்சுக்கிட்டிருக்கு. நான் எட்டிப் பாக்கலைன்னா இப்படித்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும்." கதவு திறக்கும்போது, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஆளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது.

முதலில் கரகரப்பு என்றார்கள், அப்புறம் கட்டி என்றார்கள். கடைசியில் குரல்வளையையே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் மூச்சு கழுத்தில் போடும் ஓட்டை வழியாகத்தான், பேச்சு கிடையாது. அதைக் கேட்டுவிட்டு ரேடியோ, "அப்போ மூச்சு விடுறதுக்கு மட்டும்தான் பொறந்தேனா?" என்றாராம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர்தான் அந்த வழியைச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவர் பேசுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டால், வேண்டிய வார்த்தையைத் தொட்டதும் அவருடைய சொந்தக் குரலிலேயே கேட்கும். போகிற குரலைப் பிடித்து வைக்க முடியும் என்று கேட்டதும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் உயிர் வந்தது.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மகள் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, ரேடியோ அதில் விளையாட்டுப் போட்டி பார்ப்பார், அவ்வளவுதான். "அதுல வைரஸ் பாதுகாப்பு இருக்காப்பா? அப்டேட் கேட்டா போடுங்க" என்று மகள் போனில் சொல்வாள். அவர் சரி சரி என்பார். அது அப்டேட் கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்பதை அழுத்திவிடுவார். போட்டதும் அணைந்து அணைந்து எரிகிறது, பாதி வேலையில் நின்றுவிடுகிறது என்பது அவர் கட்சி. மாப்பிள்ளை ஒரு மைக்கும், பிரதி எடுத்து வைக்கத் தனியாக ஒரு டிரைவும் அனுப்பினார். "ரெண்டு இடத்துல இருந்தா பயமில்லை மாமா" என்றார். அந்த டிரைவைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினார்கள். செருகியது செருகியபடியே இருந்தது.

படுக்கையறை ஜன்னலுக்குக் கம்பளி மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பதிந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வார்த்தைகள் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன. தண்ணி வேணும். வலிக்குது. வேண்டாம். ஜன்னலைத் திற. என்ன ஆச்சு? சரி.

"இதெல்லாம் நோயாளி பேசுற பேச்சு" என்றார் ரேடியோ. "நான் பேசுறதை எப்பப் பதியறது?"

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. "மகாராணி" என்பதையே எத்தனை விதமாகப் பதிந்தார்! கொஞ்சுவது, குத்திக்காட்டுவது, டீ கேட்பது, சண்டை முடிந்து சமாதானத்துக்கு வருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகம். போட்டியில் தோற்கிற அணியைத் திட்டுவது, லிஃப்ட்டுக்குள் மாட்டியவர்களுக்குச் சொல்லும் ஜோக்குகள், சுதி சேராத பாட்டுகள் எல்லாம் பதிவாயின. மகள் அப்போது உண்டாகியிருந்தாள். பிறக்கப்போகிற குழந்தைக்கு, லிஃப்ட்டில் ஏறி நிலாவுக்குப் போன நரியின் கதை ஒன்றைத் தானே கட்டிச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்து உடைந்து போனது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கடைசியில் சிரிப்பையும் பதிந்தார். சும்மா எப்படிச் சிரிப்பது என்று மகாராணி அவர் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாளாம். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் நிறைமாதத்தோடு வந்து, ஆஸ்பத்திரி வார்த்தைகளை மட்டும் டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். மற்றதையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்ததும் சாவகாசமாகப் பிரித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், மகாராணி குளிக்கவும் துணி எடுக்கவும் வீட்டுக்கு வருவாள். வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு "மகாராணி" கேட்பாள். கேட்டால்தான் அன்றைய பொழுது ஓடும். அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டால் வேலை நேரத்திலும் கேட்கலாமே என்று ஒரு பகலில் அவளுக்குத் தோன்றியது. எப்படி ஏற்றுவது என்று இன்டர்நெட்டில் தேடினாள். ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பானது. சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். உங்கள் கணினியில் வைரஸ், உங்கள் கோப்புகள் அனைத்தும் அழியப்போகின்றன, உடனே பாதுகாக்க இங்கே அழுத்தவும்.

மகளுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டாள், அவரும் எடுக்கவில்லை. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அவர் குரல் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாள். அழுத்தினாள். அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றாள். ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டு முடிந்தது. கேடயம் மாதிரி ஒரு படம் வந்து, இனி உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது என்றது. சத்தம் நின்றது.

மறுநாள் விரிப்பை உதறும்போது, "வைரஸை நானே தொரத்திட்டேன் தெரியுமா? இந்த வயசுல கம்ப்யூட்டர் வேலை பாக்குறேன்" என்றாள். நானும் சிரித்தேன்.

அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போட்டபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. நடுவில் ஒரு அறிவிப்பு: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம், இந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள்.

அவள் கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் பழுது பார்க்கும் தம்பியிடம் ஓடினாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் வெகுநேரம் ஏதேதோ செய்து பார்த்தார்.

"அக்கா, நீங்க வைரஸைத் தொரத்தலை. கதவைத் தெறந்து உள்ள விட்டிருக்கீங்க" என்றார். "உண்மையான பாதுகாப்பு இப்படிக் கூப்பாடு போடாது. போட்டுச்சுன்னா அந்தப் பக்கத்தை மூடிடணும். மூட முடியலைன்னா கம்ப்யூட்டரையே அணைச்சிடணும்."

"இன்னொரு டிரைவ்ல இருக்கு தம்பி. மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது."

"அது எங்க இருந்துச்சு?"

"இதுலயேதான். பின்னாடி."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பதிஞ்சதும் கழட்டி பீரோவுல வெச்சிருக்கணும் அக்கா. மாட்டியே இருந்ததால அதையும் பூட்டியிருக்கான்."

"சாவி?"

"அவன்கிட்டதான் இருக்கு."

கேட்ட பணத்தைக் கொடுத்துவிடலாம் என்றுகூட மகளும் மாப்பிள்ளையும் முடிவுக்கு வந்தார்கள். கொடுத்தாலும் திறப்பான் என்று நிச்சயமில்லை என்று போலீசில் சொன்னார்கள், புகாரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். மாப்பிள்ளை அந்த முகவரிக்கு எழுதிப் பார்த்தார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினார், மறுபடியும் அதே பதில். "திருடினவனாவது இருப்பான்னு நெனச்சேன். அவனும் இல்லை" என்றாள் மகாராணி.

பழுது பார்க்கும் தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, "வைரஸை எடுத்துட்டேன் அக்கா. இப்ப சுத்தமா இருக்கு" என்றார். அவர் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் மகாராணி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சுத்தமாத்தான் இருக்கு. சுத்தமா ஒண்ணுமே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ரேடியோ வீட்டுக்கு வந்தார். அவள் சொல்லவில்லை. கழுத்துப் புண் ஆறட்டும் என்று மென்று விழுங்கினாள். புண் ஆறியது. உடம்பு தேறட்டும் என்றாள். தொண்டையில் வைத்து அழுத்திப் பேசுகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் பழக்கிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு வைத்த கழுத்து பலகை மாதிரி இறுகிப்போயிருந்ததால் அதிலும் ஒன்றும் வரவில்லை. அவர் கவலைப்படவில்லை. நமக்குத்தான் வீட்டில் இருக்கிறதே என்று கையால் காட்டினார்.

ஒரு நாள் காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் சமையலறை வாசலில் நின்றாள். பூட்டியபடியே கிடந்த ஒரு கோப்பைத் தொட்டார், திறக்கவில்லை. இன்னொன்றைத் தொட்டார். டிரைவைக் கழற்றி மாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மடியிலிருந்த டேப்லெட்டை அழுத்தினார்.

"என்ன ஆச்சு?"

அது அவர் குரல்தான். பதியும்போது, பார்க்க வருகிறவர்களைக் கேட்பதற்கு என்று, உற்சாகமாக, பாதிச் சிரிப்போடு சொன்னது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மறுபடி அழுத்தினார். "என்ன ஆச்சு?" அதே சிரிப்பு. மறுபடி. மறுபடி. அவள் ஓடிவந்து டேப்லெட்டைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. ஒரு காகிதத்தை இழுத்து, 'நீ நல்லதுக்குத்தான் செஞ்சே' என்று எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"ஒரு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்" என்றாள் என்னிடம். "நல்லதுக்குத்தானாம். அதைப் படிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

மிச்சமிருந்தது நோயாளியின் பேச்சு மட்டும்தான். தண்ணி கேட்கலாம், வலிக்கிறது என்று சொல்லலாம், பெண்டாட்டியைக் கூப்பிட முடியாது. கொஞ்ச நாளில் அந்த டேப்லெட்டை அவரே பீரோவுக்குள் வைத்துவிட்டார். மகள் போனில் ஒரு வசதி செய்து கொடுத்தாள். எழுதினால் அது படிக்கும். செய்தி வாசிக்கிற மாதிரி, மேடு பள்ளம் இல்லாத ஒரு ஆண்குரல். முதல் நாள் அந்தக் குரல் முன்னறையிலிருந்து "மகாராணி" என்றபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவளை அதில் கூப்பிட்டதில்லை. மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார்.

கம்பெனியில் அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ஸ்க்ரூ, பெல்ட், கம்பி வடம் எடுத்துக் கொடுக்கிற வேலை. பேச்சுக்கு அவசியமில்லை. ஓட்டலில் லிஃப்ட் நின்றால் இப்போது வேறொருவர் வருகிறார். வந்து, சரிசெய்துவிட்டுப் போகிறார்.

மகாராணி சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் கேட்பாள்: "பிரதி எடுத்துட்டுக் கழட்டி வெச்சியா? அப்டேட் போட்டியா? செவப்பா வந்தா எதையும் அமுக்காதே." முதலில் உச்சுக் கொட்டிக் கேட்டார்கள். பிறகு, அவள் வருவதைப் பார்த்தாலே வேறு மேஜைக்கு நகர ஆரம்பித்தார்கள். பழுது பார்க்கும் தம்பியிடம் அவ்வப்போது போவாள். இந்த மாதிரிப் பூட்டுக்குச் சில சமயம் யாராவது சாவி கண்டுபிடித்து வெளியிடுவார்கள் என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தார். கடைசியாகப் போனபோது, "அக்கா, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. விட்டுடுங்க" என்றாராம்.

போன விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். இப்போதுதான் வாக்கியமாகப் பேசக் கற்றிருக்கிறாள். அந்த நரிக் கதையை அவர் போனில் எழுதி, செய்தி வாசிக்கிற குரல் அதைப் படித்தது. குழந்தை வாயைப் பிளந்து கேட்டது. முடிந்ததும் கூடத்தின் நடுவே வந்து நின்று, தாத்தா மாதிரிப் பேசிக் காட்டுகிறேன் என்றது. உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, "நரி. லிஃப்ட்டில். ஏறியது." என்றது.

மகள் சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். ரேடியோவும் சிரித்தார். தோள் குலுங்கியது, கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. "அப்படியே தாத்தாதான்" என்று எல்லோரும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்கள்.

மகாராணி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"தப்பா எதுவும் செய்யலை அது. அதுக்குத் தெரிஞ்ச தாத்தா அவ்வளவுதான்" என்றாள், மறுநாள் சலவைக்கூடத்தில் என்னிடம். நான் விரிப்பின் முனையை நீட்டினேன். அவள் அதை வாங்கி, வழக்கத்தைவிட ஓங்கி உதறினாள்.