வெற்றிலை மாற்றி வாங்கிய வீடு

கோப்பிப் பணம் புரண்ட காலத்தில் கண்டியைச் சுற்றியிருந்த கிராமங்களில் வீடு வாங்கி விற்றுக் கொடுப்பதுதான் என் தொழில். தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு, எழுதப் படிக்கவும் தெரியும். வேறென்ன வேண்டும்? பொறுமைதான் கிடையாது. சொன்னதைக் கேட்காத ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒருவர் வந்தார். மடுல்கெல்லப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில் சில்லறைக் கங்காணி. இருபது ஆட்களை வேலைக்கு ஓட்டுகிறவர், அவ்வளவுதான். பெற்ற பிள்ளைகள் மூன்றும் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து அறையிலேயே பிறந்து அங்கேயே செத்துப்போயின.

"எங்க ரெண்டு பேரு உசுராவது சொந்தக் கூரைக்குக் கீழ போகணுங்கய்யா" என்றார். பக்கத்தில் நின்ற பெண்சாதி தலையை ஆட்டினாள்.

கடுகண்ணாவைக்குக் கீழே, வண்டிப் பாதையோரத்தில் ஒரு சிங்களவரின் வீடு விலைக்கு இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் நாலு வரிசை கோப்பிச் செடி. பேசி முடித்தேன். பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் வீட்டு உறுதி எழுதுவோம், வாருங்கள் என்றதும் கங்காணி பின்வாங்கினார்.

"வேணாங்கய்யா. கைநாட்டு வச்ச கடதாசி ஒவ்வொண்ணும் என்னையக் கட்டித்தான் போட்டுச்சு. தோணி ஏறயில ஒண்ணு, தோட்டத்துக்கு வந்ததும் ஒண்ணு. நாலு பேரு முன்னால வெத்தல மாத்துவோம், ஒரு பிடி மண்ணக் கையில குடுக்கட்டும். அது போதும்."

உறுதி இல்லாவிட்டால் இந்த நாட்டுச் சட்டத்தில் விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை. இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. எரிச்சலில் விட்டுவிட்டதாக ரொம்ப காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பொய். உறுதி இல்லாத வீட்டை இன்னொரு தரம் விற்கலாம் என்று அந்த நிமிஷமே என் மண்டைக்குள் ஓடிவிட்டது.

கங்காணி பணத்தை எண்ணிக் கொடுத்தார், வெற்றிலை மாற்றினார்கள். அந்த ஒரு பிடி மண்ணைக் கங்காணி மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள். கிணறு வெட்டினார்கள், பலாக் கன்று வைத்தார்கள். அந்த வழியாகப் போனால் என்னைச் சாப்பிட வைக்காமல் விடமாட்டார்கள். நானும் சாப்பிட்டேன், எனக்கென்ன வெட்கம்!

பிறகு அந்தப் பக்கமாக ரயில் பாதை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அவ்வளவுதான், காணி விலை தலைதெறிக்க ஏறியது. கோப்பி வியாபாரி ஒருவன் அதே வீட்டைக் கேட்டு வந்தான். பழைய சொந்தக்காரரிடம் போனேன். மனுஷன் தலையைச் சொறிந்தார். வெற்றிலை மாற்றிய கையாயிற்றே, கூசியது. நான் புதிய விலையைச் சொன்னேன். சொறிவது நின்றது.

ஆனால் குடியிருக்கிறவர்களைக் கிளப்ப வேண்டுமே. வழக்கு என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். நேரே வீட்டுக்குப் போனேன்.

"கங்காணி, காலம் கெட்டுக் கிடக்கிறது. உறுதி இல்லாத வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். இப்போதாவது எழுதிவிடுவோம்" என்றேன்.

மனுஷனுக்கு முகமெல்லாம் வெளிறிப்போனது. "அப்பவே சொன்னீங்க, இந்தப் பாவி கேக்கலயே! எங்கங்கய்யா கைநாட்டு வைக்கணும்?"

காட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பயமில்லாமல் கடதாசியில் பெருவிரலைப் பதித்தார். சொந்தக்காரரின் தயவில் குடியிருந்ததாகவும், மனம் ஒப்பி வீட்டை விட்டுப் போவதாகவும் அதில் எழுதியிருந்தேன்.

"எழுதி முடியும்வரை வீடு வெறுமையாக இருக்க வேண்டும், அதுதான் சட்டம்" என்றும் சொன்னேன். நம்பினார்கள். கங்காணி மஞ்சள் முடிச்சைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். பெண்சாதி தரையைச் சாணி போட்டு மெழுகி, பலாக் கன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, சாவியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். மடுல்கெல்ல லயத்துக்கே திரும்பிப் போனார்கள். அடுத்த வாரமே வியாபாரி பேருக்கு உறுதி எழுதி, அந்தச் சாவியை அவனிடம் கொடுத்தேன்.

மாதத்துக்கொரு தரம் யாரிடமாவது சொல்லியனுப்புவார். உறுதி எழுதியாயிற்றா? எழுதுகிறார்கள் என்று பதில் அனுப்புவேன். கொஞ்ச காலத்தில் கேள்வி வருவது நின்றது. அப்பாடா என்றிருந்தேன்.

அதற்குள் கோப்பிக்கே நோய் கண்டுவிட்டது. இலையெல்லாம் மஞ்சள் தூள், காய் இல்லை. துரைமார் கப்பலேறினார்கள், நேற்றுவரை அடித்துப் பிடித்து வாங்கிய வீடுகளை இனாமாகக் கொடுத்தாலும் ஆளில்லை. அந்த வியாபாரியும் நொடித்துப் போனான். என் கையிலிருந்ததும் போயிற்று. டவுன் வீட்டை விற்றுவிட்டு, மிச்சக் காசுக்குக் கிடைத்த வீட்டில் வந்து குடியேறினேன். கிடைத்தது அந்த வீடுதான்.

ஒரு காலையில் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். கங்காணி பெண்சாதி வந்து நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"போயிட்டாருங்கய்யா. லயத்துலதான்."

என்னையும் கதிரையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இதோ விளங்கிவிட்டது, மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேற யாரும் புகுந்துறாம நீங்களே குடியிருந்து காவல் காத்தீங்களே, கோடி புண்ணியங்கய்யா."

பலா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். காய்த்திருந்தது. மடியிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று என் கையில் வைத்தாள்.

"எழுதி முடிய இன்னும் எம்புட்டு நாளு ஆகுங்கய்யா? நான் கண்ண மூடறதுக்குள்ள ஆயிருமா?"

"ஆகும், ஆகும்" என்றேன்.

சரிங்கய்யா என்று மறுபடி கும்பிட்டுவிட்டு லயத்துக்கு நடந்தாள்.