சென்ட் பாட்டிலில் ஒரு பசு

எங்கள் ஊரில் அக்கா தங்கைகள் நடந்து பள்ளிக்குப் போவார்கள். அண்ணன் தம்பிகள் வேனில் போவார்கள். நடப்பவர்களுக்கு ஊரிலேயே அரசு நடுநிலைப் பள்ளி. வேனில் போகிறவர்களுக்குத் திருவண்ணாமலையில் இங்கிலீஷ் மீடியம். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக யோசித்து எடுத்த முடிவு, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அமைந்துவிட்டது. இன்று வேங்கிக்காலில் ஒரு கல்வி அலுவலகத்தில் உட்கார்ந்து பள்ளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகள் ஜாஸ்தி, ஆண்பிள்ளைகள் கம்மி என்று கண்டால், காலையில் அந்த ஊருக்குள் வேன் ஹாரன் அடிப்பது எனக்கு இங்கேயே கேட்கும்.

நான் மூன்றாம் வகுப்பு வரை வேனில் போனவன். அப்போது அக்கா ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். எங்களுக்கு முன்னால் வீட்டில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அதனால் நான் படிப்பதைக் கேட்பது அப்பாவுக்குத் திருவிழா. விருந்தாளி வந்தால் ஆங்கில எழுத்து உள்ள எதையாவது என் கையில் கொடுப்பார். நான் அதில் விரல் வைத்து நகர்த்தியபடியே, பசுவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை முழுதாகச் சொல்லி முடிப்பேன். ஏமாற்று எதுவும் இல்லை. வகுப்பில் எல்லோரும் கூட்டமாக அப்படித்தான் செய்வோம். விரல் வைத்து உரக்கச் சொல்வதற்குப் பெயர்தான் படிப்பது என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். பிஸ்கட் உறையிலும் மாத்திரை அட்டையிலும் எனக்குப் பசுதான் இருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் எங்கள் நடுநிலைப் பள்ளியை, செங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம்.

"லாரி போற ரோட்ட தாண்டி பொட்டப்புள்ளைய அனுப்ப முடியாது. சேத்தாங்கன்னா இவ படிப்பு இதோட போதும்" என்றார் அப்பா. அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பங்கு அப்பளத்தையும் நானே தின்றேன்.

பள்ளி திறக்கும் முன், பெரிய டீச்சர் என்று ஊரே சொல்லும் தலைமை ஆசிரியை, மேளக்காரரோடு தெருத்தெருவாகப் பிள்ளை கேட்டு வந்தார். ஊர்வலம் என்று ஓடிவந்தவர்கள் டீச்சரைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"பையன நம்மகிட்ட விடுங்கம்மா. இன்னும் கொஞ்சம் பேரு சேந்தா ஸ்கூலு இங்கியே இருக்கும்."

"ஆம்பளப் பையனாச்சேங்க டீச்சர்..." என்று அம்மா இழுத்தாள்.

"அவன் படிக்கிறத ஒரு வாட்டி கேளுங்க. அப்பறம் நீங்களே வேன்லயே போகட்டும்னு சொல்லுவீங்க" என்று அப்பா உள்ளே போய் சென்ட் பாட்டிலை எடுத்து வந்தார். அம்மா திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலை பார்த்தாள். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரம்மா ஒருவர் விட்டுச்சென்ற பாட்டில் அது. கல்யாணம், காதுகுத்து என்றால் அப்பாவும் அம்மாவும் அதை அடித்துக்கொண்டுதான் போவார்கள்.

நான் விரல் வைத்துத் தொடங்கினேன். உள்ளே போனவர்களும் சத்தம் கேட்டு எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பசுவின் நாலு கால், ரெண்டு கொம்பு, நீண்ட வால், பால், தயிர், வெண்ணெய் எல்லாம் சரளமாக வந்தன. பாட்டில் சின்னது, கட்டுரை பெரியது; விரலை ரெண்டு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "தொண்டை நல்லா கணீர்னு இருக்கு" என்றவர், பாட்டிலை வாங்கி அக்காவிடம் நீட்டினார். "நீ பாரு பாப்பா."

அக்கா எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். எங்கள் வீட்டுப் பெண் ஊரார் முன்னால் இப்படித் திக்குகிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மாஸ்... கி... டோ." நிமிர்ந்தாள். "கொசுங்க டீச்சர். கொசு கடிக்காம அடிச்சிக்கிறது."

"அதான் அன்னிக்கு பந்தில உன் பக்கத்துல ஒரு கொசு கூட வரலியாண்ணே!" என்றார் மேளக்காரர்.

அம்மா என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் படிச்சது வேற பக்கமா இருக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்னாடா படிச்ச?"

"பசுவப் பத்திப்பா."

"இந்த பாட்டில்லயா?"

"எல்லாத்துலயும் அதாம்பா இருக்கும்."

முதலில் சிரித்தது அப்பாதான். சிரித்து அடங்கியதும் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். பிறகு அக்காவைக் கொஞ்ச நேரம், புதிதாக வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இவளுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தது?"

"நம்ம ஸ்கூல்லதாங்க" என்றார் டீச்சர்.

வேன்காரரிடம் இனி வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளி திறந்த அன்று புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு மாலை போட்டு, வாயில் சர்க்கரை போட்டார்கள். ஊரே பார்த்துச் சிரித்த கதை என்பதால், இன்னும் சில வீடுகளிலும் வேன் நின்றது. பள்ளி இடம் மாறவில்லை.

அதன்பின் அக்காவின் தொல்லை தாங்க முடியவில்லை. விடிந்ததும் எழுப்பி, குளிப்பாட்டி, தலை வாரி, வயிற்றுவலி என்று படுத்தாலும் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். "இவ என்ன டீச்சரா?" என்று அம்மாவிடம் அழுதிருக்கிறேன். நான் ஒரு நாள் நின்றாலும் பள்ளி ரோட்டைத் தாண்டிப் போய்விடும், கூடவே தன் ஏழாம் வகுப்பும் போய்விடும் என்று அவள் பயந்துகொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்? என் பையையும் சேர்த்து அவளே தூக்கிக்கொண்டாள். தம்பி மேல் திடீரென்று இத்தனை பாசமா என்று நினைத்துக்கொண்டு, நான் கைவீசி நடந்தேன்.