வால்வின் கழுத்தில் ஒரு கோடு

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மறைமலை நகர்ப் பக்கம் இன்ஜின் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கடைசி மேசை என்னுடையது. வால்வு என்பது பார்க்க நீளமான ஆணி மாதிரி இருக்கும். ஒரு முனையில் தலை குடையாக விரிந்திருக்கும், தலையும் தண்டும் சேரும் இடத்தைக் கழுத்து என்போம். கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் போதும், ஓடுகிற இன்ஜினில் தலை முறிந்து உள்ளே விழுந்து இன்ஜின் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பின்னால் லாரி வந்தால் அவ்வளவுதான். அதனால் எனக்குத் திருப்தி இல்லாத வால்வின் வால் முனையில், ஸ்பிரிங்கைப் பிடித்துவைக்கும் பூட்டு உட்காரும் பள்ளத்தில், சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு வைத்தது நசுங்கி உருக்கப் போகவேண்டும். போகிறது என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தப் புத்தி வேலையோடு நிற்பதில்லை. கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். என் கணவர் சொந்தமாக வேன் வைத்து லோடு அடிக்கிறார். "எங்க இருக்கீங்க?" என்று நாள் முழுக்க போன் போடுவேன். ஜி.எஸ்.டி. ரோடு என்று சொன்னால் பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். அவர்மேல் சந்தேகம் என்றில்லை. இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

போன மழைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, மேற்கு தாம்பரத்தில் என் தம்பி நடத்தும் மெக்கானிக் ஷெட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். சிட்லபாக்கத்திலிருந்து என் மகளை ஏற்றிப்போகும் ஸ்கூல் வேனின் இன்ஜின் திறந்து கிடந்தது. வால்வு எரிந்துவிட்டதாம், புதுசு போடுகிறான். நுனியில் வால்வு ஒட்டிய குச்சிப் பிடியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மோர் கடைவதுபோல் உருட்டிக்கொண்டிருந்தான். வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்துவதற்கான வேலை அது.

மேசையில் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து இன்னும் போடாத ஒரு வால்வை எடுத்தேன். கை பழக்கம்தான். வால் முனையை வெளிச்சத்தில் திருப்பினேன். பள்ளத்தின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு ஒட்டியிருந்தது.

நான் வைக்கிற பொட்டின் சிவப்பு அது.

"இது எங்க வாங்கினது?"

"கடையிலதான்கா. புது பாக்ஸு. இன்னாத்துக்கு?"

"யார் கடை?"

"எப்பவும் வாங்குற கடதான்." சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவன் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் முழிப்பதாகத்தான் பட்டது. கழித்த சரக்கைக் கழுவித் துடைத்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இவன் தெரிந்தே வாங்கியிருக்கிறான். மலிவாகக் கிடைத்திருக்கும். அதுவும் என் பிள்ளை போகிற வண்டிக்கு.

"இதைப் போடாதே" என்றேன்.

"லீக் பாத்துட்டு சொல்லு" என்று நான் கையில் வைத்திருந்ததையும் வாங்கித் தேய்த்து மாட்டினான். இன்ஜினின் மேல்பாகத்தைக் கவிழ்த்து வைத்து, குழிகளில் டீசல் ஊற்றினான். வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் அடியில் கசியும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

"பாத்தியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு உன் தம்பி மேலயே நம்பிக்க இல்ல."

"இல்லைதான்" என்று சொல்லிவிட்டேன். அவன் கை கழுவ எழுந்து போனான். முதுகைப் பார்த்தாலே கோபம் தெரிந்தது.

டீசல் கசியாதது வால்வுத் தலையின் விளிம்புக்கு நற்சான்று. கழுத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அந்த வால்வைக் கழற்றச் சொல்லப் போகிறேன் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். வந்ததும் நான் கேட்பதற்கு முன்பே கழற்றி டங்கென்று மேசையில் வைத்தான். அதை டீசல் தட்டில் ஊறவிட்டேன். பிறகு எடுத்து ஈரம் போகத் துடைத்தேன். கம்பெனியில் இதற்கு வெள்ளைப் பொடி ஸ்ப்ரே உண்டு, இங்கே அதற்கு எங்கே போவது? சாமி படத்துக்குக் கீழே விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் பூசினேன்.

"சாமி குத்தம்கா" என்றான்.

வெள்ளை விபூதியில் மெல்ல ஒரு கோடு ஈரமாக எழுந்தது. கீறலுக்குள் போயிருந்த டீசல் வெளியே ஊறிக்கொண்டிருந்தது. முடி அளவு கோடு, கழுத்தை ஏறக்குறைய பாதி சுற்றியிருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வரிசையாக வாயில் இருந்தன. தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா," என்றான். "போன மாசம் மாமா வண்டிக்கும் இதே கடை பாக்ஸுதான் போட்டேன்."

என் கணவரின் வேன். அவன் தெரிந்து வாங்கவில்லை என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அவர் காலையில் செங்கல்பட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். போன் போட்டேன். எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"ஆரம்பிச்சிட்டியா? வண்டி ஓட்டிக்கினு கீறேன், வை."

"இல்லைங்க, வண்டியை நிறுத்துங்க, அந்த வால்வு..."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு என் குரலையே அவர் காதில் விழாதபடி நானே செய்துவைத்திருந்தேன். அந்த ஷெட்டில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன்.

தம்பி தன் போனை எடுத்தான். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் "சொல்லு மச்சான்" என்ற குரல் எனக்கே கேட்டது.

"மாமா, வண்டிய ஓரங்கட்டி ஆஃப் பண்ணு. அப்பால சொல்றேன்."

காத்திருந்தான். தலையை ஆட்டினான். "நிறுத்திட்டாரு. சிங்கபெருமாள் கோயில் தாண்டி நிக்கிறாரு" என்றான்.

"நிஜமாவே நிறுத்திட்டாரா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. தம்பி என்னை ஒருமுறை பார்த்தான். கீறல் விழுந்த வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். ஏறு என்று சொல்லவில்லை. நானாகத்தான் ஏறிக்கொண்டேன். அவன் தோளைப் பிடித்தேன். அவன் உதறவில்லை.